மெழுகுப் பலகை வாங்கி மூணு மாசம் ஆச்சு, 'தபுலா'ன்னா என்னன்னு இப்பதான் பிடிபடுது

லத்தீன் படிக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது. 'தபுலா'ங்கிற வார்த்தை வந்தாலே எனக்கு ஒரு சலிப்பு வரும், ஏன்னா அகராதியைத் திறந்தா பலகை, எழுதுற பலகை, கணக்கு, உயில், சட்டம், ஓவியம், மேப், ஏல அறிவிப்பு, விளையாட்டுப் பலகை, கப்பல் உடைஞ்சா பிடிச்சுக்கிட்டு மிதக்குற கட்டைன்னு போய்க்கிட்டே இருக்கும், இதுல எதை எடுக்கிறதுன்னே தெரியாது. ரோமானியங்க எழுதின அதே மாதிரி மெழுகுப் பலகை ஆன்லைன்ல செஞ்சு விக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் ஆர்டர் போட்டுட்டேன். ஷிப்பிங் சேர்த்து 2,600 ரூபா. கடை பேரு வேண்டாம், காரணம் கீழ வருது.

வந்தது இதுதான்: உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ரெண்டு மரப்பலகை, ஓரத்துல தோல் வார் போட்டுக் கட்டி புக் மாதிரி திறக்கும். உள்பக்கத்தைக் குடைஞ்சு கருப்பு மெழுகு ஊத்தியிருக்கு, சுத்தி விளிம்பு உயரமா இருக்கு, அதனால மூடி பையில போட்டாலும் எழுத்து எழுத்தோட உரசாது. கூட ஒரு பித்தளை எழுத்தாணி, ஒரு முனை கூர், இன்னொரு முனை தட்டை. தப்பா எழுதினா திருப்பிப் பிடிச்சு தட்டை முனையால தேய்க்கணும். லத்தீன்ல 'எழுத்தாணியைத் திருப்பு'ன்னு சொன்னா 'அழிச்சு எழுது'ன்னு அர்த்தம்னு பாடத்துல மனப்பாடம் பண்ணியிருந்தேன். கையில எடுத்து ஒரு தடவை திருப்பினதுக்கப்புறம் மனப்பாடமே தேவைப்படல.

எழுதுற அனுபவம் சூப்பர். ஓலையில கீறுற மாதிரி இருக்கும்னு நினைச்சேன், அப்படி இல்ல, மெழுகு முனைக்கு முன்னாடி சுருள் சுருளா எழும்பி வருது, அதை ஊதி விட்டுட்டு அடுத்த எழுத்துக்குப் போகணும். வளைவு போட்டா இழுக்குது, நேர்க்கோடு சட்டுனு விழுது. ரோமானியங்களோட கையெழுத்து ஏன் அவ்வளவு குச்சி குச்சியா இருக்குன்னு அப்பதான் புரிஞ்சது.

இப்ப குறை. ரெண்டாவது வாரமே மெழுகு பொரிஞ்சு செதில் செதிலா உதிர ஆரம்பிச்சிடுச்சு. சுத்தமான தேன்மெழுகுன்னு போட்டிருந்தாங்க, ஆனா தேன்மெழுகு வாசனையே இல்ல, மெழுகுவத்தி மெழுகைத்தான் கலந்திருக்காங்கன்னு நினைக்கிறேன். மெயில் அனுப்பினேன், பதில் வரல. சரின்னு நானே ஒரு சின்னக் கத்தியால மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன்.

அப்பதான் ஒரு விஷயம் பார்த்தேன், அதுக்காகவே இந்த ரிவ்யூ எழுதுறேன். மெழுகு போன மரத்துல என் எழுத்து அப்படியே இருக்கு! அழுத்தி எழுதினப்போ ஆணி மெழுகைத் தாண்டி மரத்துலயும் கீறியிருக்கு, நான் எப்பவோ அழிச்ச வரிகூட பழசும் புதுசும் மேல மேல விழுந்து தெரியுது. லண்டன்ல ப்ளூம்பெர்க் கம்பெனி கட்டடத்துக்காகத் தோண்டினப்போ சேத்துக்குள்ள இருந்து ரோமானியங்க காலத்து மரப்பலகை 400க்கும் மேல கிடைச்சது, அதுல ஒண்ணுலயும் படிக்கிற மாதிரி மெழுகு மிச்சம் இல்ல, மரத்துல இருந்த இந்தக் கீறலை வச்சுதான் படிச்சாங்க. அதுல ஒண்ணு கி.பி. 57 ஜனவரி 8 தேதி போட்ட கடன் பத்திரம். வாங்கின சரக்குக்கு 105 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) தரணும்னு திபுல்லுஸ்னு ஒருத்தர் கிராத்துஸ்னு ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்திருக்கார். மடியில பலகையை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

'தபுலா ராசா'ன்னு எல்லாரும் சொல்றோமே, 'வெத்துப் பலகை'ன்னு அர்த்தம் சொல்லுவாங்க, ஆனா 'ராசா'ன்னா சுரண்டினதுன்னு அர்த்தம். கையில வச்சுப் பார்த்தா அகராதியில இருக்கிற மத்த அர்த்தமும் ஒண்ணொண்ணா இந்தப் பலகையில இருந்துதான் கிளம்புது. கடனை இதுல எழுதினாங்க, அதனால கணக்குக்கே தபுலைன்னு பேரு (தபுலாவோட பன்மை). 'புது தபுலை' வேணும்னு ஜனங்க கேட்டா கடனைத் தள்ளுபடி பண்ணுன்னு அர்த்தம், ரோம் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி பண்ணின கதிலினாவுக்குப் பின்னாடி கடன்பட்டவங்க கூட்டமாப் போனதே அவர் அதை வாக்குக் கொடுத்ததாலதான். உயிலும் இதுலதான், ஏழு சாட்சி முத்திரை வைக்கணும். எரிமலையில புதைஞ்ச ரோமானிய ஊரான பொம்பேயில ஐயுகுந்துஸ்ங்கிற வட்டிக்கடைக்காரர் வீட்டுல 1875ல ஒரு பெட்டி கிடைச்சது, உள்ள 150க்கும் மேல கருகின பலகை, எல்லாம் அவரோட ரசீதுங்க.

ரோமோட பழைய எழுத்துச் சட்டத்துக்குப் 'பன்னிரண்டு தபுலை'ன்னு பேர் வந்ததும் பலகையில பொறிச்சு ஊர் நடுவுல வச்சதால. சூதாட்டப் பலகைக்கும் இதே பேர்தான், துருக்கிக்காரங்க இன்னைக்கும் 'தவ்லா'ன்னு ஆடுறாங்க. (நம்ம தபேலா இந்தக் குடும்பம் இல்ல, அது அரபில இருந்து வந்த வேற வார்த்தை.) சின்னப் பலகைங்கிற அர்த்தத்துல கிளம்பின 'டேப்லட்' மாத்திரைக்கும் பேராச்சு, கையில வச்சிருக்கிற கம்ப்யூட்டருக்கும் பேராச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மேப் அர்த்தம். வியன்னா நூலகத்துல 'தபுலா பொய்ட்டிங்கெரியானா'ன்னு ஒரு ரோமானிய சாலை மேப்போட பழைய நகல் இருக்கு, கிட்டத்தட்ட 6.7 மீட்டர் நீளம். பலகையே இல்ல, தோல் சுருள்தான், பேர் மட்டும் தபுலா. அதோட கிழக்குக் கோடியில நம்ம முசிறி (கேரளக் கரையில இருந்த சங்ககாலத் துறைமுகம்) இருக்கு, பக்கத்துலயே அகஸ்டஸ் கோயில்னு எழுதி ஒரு சின்னக் கட்டடம் வரைஞ்சிருக்காங்க. மிளகு வாங்க வந்த கப்பல்காரங்க கையிலயும் இந்த மாதிரி பலகை இருந்திருக்கும்னு நினைக்கும்போதே சிலிர்க்குது.

சரி, வாங்கலாமா? மரம், தோல், ஆணி மூணும் நல்ல தரம், தாராளமா வாங்கலாம், மெழுகை மட்டும் நம்பாதீங்க. கதர் கடையில நல்ல தேன்மெழுகு வாங்கி, டபுள் பாய்லர்ல உருக்கி, விளக்குக் கரி கொஞ்சம் கலந்து, பலகையை மட்டமா வச்சு மெதுவா ஊத்துங்க, ஒரு ராத்திரி ஆற விடுங்க. நான் அப்படி ஊத்தி ஆறு வாரம் ஆச்சு, ஒரு செதில்கூட உதிரல. வெயில்ல ஜன்னலோரம் வைக்காதீங்க, மே மாசம் எனக்கு ஒரு மூலை இளகி வழிஞ்சிடுச்சு. ஊத்துறதுக்கு முன்னாடி அந்த மரத்துக் கீறலை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், நீங்களும் எடுத்துக்கோங்க.