பாமினியா, தமிழ்99ஆ, அம்மா என்று ஆங்கிலத்தில் அடிப்பதா?

யாழ்ப்பாணத்தில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் "எனக்குத் தமிழ் ரைப்பிங் தெரியும்" என்றால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தட்டச்சு முறை. இருபது வயதுக்காரர் அதையே சொன்னால், போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கத் தெரியும் என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவே அதிகம் ஆட்கள் இல்லாமல் நிற்கிறது தமிழ்99 என்ற விசைப்பலகை ஒழுங்கு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழ்99 பழகட்டும். பாமினியில் கை ஓடுகிறவர்கள் கையை மாற்ற வேண்டாம். எழுத்துருவை மட்டும் மாற்றட்டும்.

இரண்டாவது பாதியைச் சொன்னால் பலர் முழிக்கிறார்கள். காரணம், பாமினி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, எந்த விசையில் எந்த எழுத்து என்கிற ஒழுங்கு. அது பழைய தட்டெழுத்துப் பொறியின் வழி வந்தது. 2008 இல் இலங்கைத் தர நியமமாக்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகைக்கு நெருங்கிய உறவு. மற்றது எழுத்துரு. இங்கேதான் கோளாறு. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கணினி தனக்குள் எழுதிவைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. அந்த எழுத்துரு இருக்கும் வரை திரையில் அம்மா தெரிவாள். எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பிப் பாருங்கள், அம்மாவைக் காணவே முடியாது.

ஆகவே பாமினியில் இருக்கும் கட்டுரையை வட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. கூகுளில் தேடினால் அகப்படாது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை வெறும் ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும். அரைப்புள்ளி விசையைக் குற்றும் (மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி), காற்புள்ளி விசையை 'இ'யும் பிடித்துக்கொண்டதால், காற்புள்ளி வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்து, எழுத்துரு இல்லாத திரையில் அம்புக்குறி போல நிற்கும்.

அப்படியிருந்தும் எங்கள் அச்சகங்கள் ஏன் இதை விடவில்லை? சோம்பல் என்று சொல்வது அநியாயம். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழ், அதாவது தமிழைத் தமிழாகவே பதிந்துவைக்கும் யூனிகோட் முறை, தெரியாது. 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி அதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதில் ஆயிரக்கணக்கான திருமண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் செய்து பழகிய கைகள் நிறுத்தவில்லை. பழைய கோப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அடோபியின் இன்டிசைன் இன்று ஒருங்குறித் தமிழை ஒழுங்காகக் காட்டும், ஆனால் அதற்குரிய அமைப்பைத் தேடித் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஒரு தடவை அதைப் பார்த்த அச்சகக்காரர் "ஒருங்குறி சரிவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கிறபோது இந்த இரண்டு உலகமும் மோதிக்கொள்ளும். கனடாவில் இருக்கும் மகள் நினைவுரையைப் போனில் ஒருங்குறியில் எழுதி அனுப்புவார். அச்சகத்தில் அதைப் பாமினிக்கு மாற்றி வடிவமைப்பார்கள். அடித்து முடிந்த பிறகு, "இதைப் பேஸ்புக்கிலும் போடவேண்டும்" என்று யாராவது கேட்பார்கள். மறுபடி பொங்குதமிழ் போன்ற மாற்றி ஒன்றில் போட்டு ஒருங்குறிக்குத் திருப்ப வேண்டும். தமிழ் ஏறக்குறைய முழுசாக வந்துவிடும். இடையில் ஆங்கில எழுத்தில் லண்டன் என்றிருந்தால் அது "டுழ" என்று தொடங்கும் ஏதோ ஒன்றாக வந்து நிற்கும். மின்னஞ்சல் முகவரியின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு திட்டினாலும், பாமினியின் விசை ஒழுங்குக்கு ஒரு நியாயம் உண்டு. கையால் எழுதுகிற வரிசையிலேயே அடிக்கலாம். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு (கால்). பாலர் வகுப்பில் பழகிய ஒழுங்கு அது. கு, து, பு போன்றவற்றுக்கு மேல்மாற்று (ஷிப்ட்) விசையோடு ஒரே தட்டு. இருபது வருடம் இப்படி அடித்த ஒரு அக்காவிடம் போய் "தமிழ்99 விஞ்ஞானபூர்வமானது" என்று வகுப்பு எடுத்தால், அவர் திரையைப் பார்க்காமலே ஒரு பந்தியை அடித்து முடித்துவிட்டு உங்களைப் பார்ப்பார். அவருக்குத் தேவை இகலப்பை அல்லது என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள். இரண்டிலும் பாமினி ஒழுங்கைத் தெரிவுசெய்து, அதே கையால் அடித்து, ஒருங்குறியாக எடுக்கலாம். இதற்குக் காசும் இல்லை, புதுப் பயிற்சியும் இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்பதே பல இடங்களில் தெரியாது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

தமிழ்99 வேறு புத்தி. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழி வந்தது. உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். "கொ" என்பதற்குக் க, ஒ என்று இரண்டே தட்டு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குக் குற்றுத் தானாக விழும். ந, த என்று அடித்தால் "ந்த" வரும். "யாழ்ப்பாணம்" எழுத இதில் பத்துத் தட்டு, பாமினியில் பதினொன்று. ஒரு சொல்லில் ஒரு தட்டு அற்பம்தான்; ஆனால் இதில் மேல்மாற்று விசைப் பக்கம் சுண்டுவிரல் போக வேண்டிய தேவை மிகக் குறைவு. நாள் முழுக்க அடிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. "பப்பாசி" என்று அடிக்கப் போனால் முதல் ப மேலேயே குற்று விழுந்துவிடும். நடுவில் ஒரு அ தட்டித் தடுக்க வேண்டும். பழகும் வரை இது வெறுப்பேற்றும். பழகிக் கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆளும் குறைவு. ஆனால் கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது: 2013 இல் வந்த ஐஓஎஸ் 7 இலிருந்து ஐபோனில் இருக்கிறது, 2019 இல் விண்டோஸ் 10 இலும் சேர்ந்துவிட்டது.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் முதல் நாளே எழுதலாம், அதன் பலம் அவ்வளவுதான். "யாழ்ப்பாணம்" என்று வடிவாக அடிக்கப் பன்னிரண்டு தட்டு, அதில் ண வுக்கு மேல்மாற்று விசை வேறு. போன் ஊகித்துத் தரும் சொற்களை நம்பினால் தட்டு குறையும்; ஆனால் ல, ள, ழ மூன்றில் எதைத் தருவது என்று போன்தான் தீர்மானிக்கும். ஒரு மொழியின் எழுத்தைப் பக்கத்து மொழியின் எழுத்தால் யோசித்துக்கொண்டே எத்தனை பக்கம் எழுத முடியும்? பிறந்தநாள் வாழ்த்துக்குப் போதும். பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரையை இதில் அடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

குரலில் சொல்லி எழுதுவிப்பது சமையலறையில் கை ஈரமாக இருக்கும்போது நல்லது. எங்கள் பேச்சில் கதைத்தால் தடுமாறும், வாசிப்பது போலக் கதைத்தால் பரவாயில்லை. நிறுத்தக்குறிகளைப் பெரும்பாலும் நீங்கள்தான் பிறகு போட வேண்டும்.

ஆகவே அச்சகம் நடத்துகிறவர் பாமினிக் கையும் ஒருங்குறி எழுத்துருவும். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை தமிழ்99. அம்மம்மாவுக்குக் குரல். கல்வெட்டு அடிக்கக் கொடுக்கிறவர்கள், புத்தகக் கட்டோடு ஒருங்குறிப் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனிக் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, ஊர்ப் பெயர்களையும் ஆங்கிலத்தில் இருக்கும் முகவரிகளையும் அங்கேயே நின்று ஒரு தரம் சரிபாருங்கள்.