‘நல்லா டைட் வச்சிருக்கேன் சார்’ என்று மெக்கானிக் சொன்னால் உஷார்

தாம்பரம் பக்கத்துக் கடை ஒன்றில் ஆயில் மாற்றி, மறுநாள் காலை ஹைவேயில் நின்ற கதை இது. கடைப் பெயர் வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக். போன தடவையும் அங்கேதான் ஆயில் மாற்றினேன். இந்த முறை ஆயில், ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பழைய ஃபில்டர், அதாவது இன்ஜினில் திருகிப் பூட்டும் ஆயில் வடிகட்டி டப்பா, கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைப் பையன், டப்பாவைச் சங்கிலியால் சுற்றிப் பிடித்துத் திருகும் செயின் ஸ்பானரை மாட்டித் தொங்கினான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், போன தடவை அதைப் பூட்டியவனும் அவன்தானே! நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். புதியதை மாட்டி, அதே செயின் ஸ்பானரால் இரண்டு இழு இழுத்துவிட்டு, “நல்லா டைட் வச்சிருக்கேன் சார், ஒரு சொட்டு வராது” என்றான்.

ராத்திரி வண்டிக்குக் கீழே நாலைந்து சொட்டு கிடந்தது. மாற்றும்போது சிந்தியது வடிகிறது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு விழுப்புரம் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஆயில் கருகும் வாடை வந்தது. முன்னால் போன லாரிதான் என்று அதை முந்தினேன், வாடை கூடவே வந்தது. படாளம் கூட்டுரோடு நெருங்கும்போது காலுக்கு நடுவே புகை, ஷூ முழுக்க ஈரம், மீட்டரில் சிவப்பாக ஆயில் லைட். உடனே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி ஓரம் கட்டினேன். ஒதுங்கும்போது பின் டயர் ஒரு வழுக்கு வழுக்கியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இந்த வண்டியில் ஃபில்டர் இன்ஜினுக்கு முன்பக்கம் இருக்கிறது. அங்கே கசிந்தால் ஆயில் சூடான பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) படும், மிச்சத்தைக் காற்று பின் டயருக்கு அடித்துக்கொண்டு போகும்.

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில் ஒரு பெரியவர் ஃபில்டரைக் கழற்றினார். கழற்றியதும் இன்ஜின் பக்கம் விரலை வைத்து ஒரு ரப்பர் ரிங்கை உரித்து எடுத்தார். “தம்பி, இது பழைய ஃபில்டரோட ரிங். இதுமேலயே புதுசைப் பூட்டியிருக்காங்க.”

அவர் சொன்ன பிறகுதான் எல்லாம் புரிந்தது. ஆயிலைத் தடுப்பது மரை இல்லை, அந்த ரப்பர் ரிங். அது சீராக நசுங்கி உட்கார்ந்தால் போதும். போன தடவை ரிங்கில் ஆயில் தடவாமல், ஸ்பானர் போட்டு முறுக்கியிருக்கிறான். சூட்டில் ரப்பர் இன்ஜினோடு ஒட்டிப்போனது. இந்த முறை ஃபில்டர் மட்டும் கழன்று வந்தது, ரிங் அங்கேயே தங்கிவிட்டது. துணியால் ஒரு துடை துடைத்திருந்தாலே கையில் பட்டிருக்கும். ரிங் மேல் ரிங் உட்கார்ந்தால் வெளி ரிங்குக்குப் பிடிமானம் கிடையாது. கடையில் ஐடிலில் ஓடும்போது தாங்கிக்கொள்ளும். ரோட்டில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது ஆயில் பிரஷர் ஏறி அதைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

பெரியவர் புது ஃபில்டரைப் பூட்டியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உட்காரும் இடத்தைத் துடைத்தார். புது ரிங்கில் விரலால் ஆயில் தடவினார். கையாலேயே திருகி, ரிங் இன்ஜினைத் தொட்டதும் நிறுத்தி, டப்பா மேல் சாக்பீஸில் ஒரு கோடு போட்டார். அங்கிருந்து முக்கால் சுற்று, அதுவும் கையால்தான். எத்தனை சுற்று என்று பெரும்பாலான ஃபில்டர் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள், யார் படிக்கிறோம்? எவ்வளவு இறுக்கம் என்று அளந்து பூட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் வண்டிக் கையேட்டில் இருக்கும் அளவுக்கு வைக்கலாம். செயின் ஸ்பானர் கழற்ற மட்டும். அப்புறம் ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ரிங்கைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து லெவலையும் பார்த்துக் கொஞ்சம் சேர்த்தார். ஆயில் லைட் எரிந்ததுமே அணைத்ததால் இன்ஜின் தப்பித்தது என்றார்.

திரும்பி வந்து இரண்டு ரிங்கையும் பழைய கடை ஓனரின் மேஜையில் வைத்தேன். முதலில் “ஃபில்டர் டூப்ளிகேட்டா இருக்கும் சார்” என்றார். நீங்கள் கொடுத்த ஃபில்டர்தானே என்றதும், “ஹைவேல வேகமா போயிருப்பீங்க.” 650 சிசி வண்டியை வேறு எங்கே ஓட்டுவது? அரை மணி நேரம் கத்தியதில் லேபர் 400 மட்டும் திரும்பக் கிடைத்தது. ஆயில் காசு போனது போனதுதான்.

உங்களுக்கு இப்படி ஆனால் கசிவை அடைத்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். பின் டயரைச் சோப்புத்தூள் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், பின் பிரேக்கையும் பாருங்கள். என் பிரேக் பேடில் ஆயில் ஊறியிருந்தது. மாற்றியதற்குத் தனியாக 900 ரூபாய்.