கிட்லாப் ரன்னர்களுக்கு ஆன்சிபிளா, பப்பெட்டா?

கிட்லாபின் பில்ட், டெஸ்ட் வேலைகளை (ஜாப்) ஓட்டும் நிரல்தான் கிட்லாப் ரன்னர். அவற்றைக் கையால் நிறுவுவதை எங்கள் குழு விட்டபோது, சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவிகளான பப்பெட், ஆன்சிபிள் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆன்சிபிளில் நின்றோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆன்சிபிளுக்குத் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் வழியும், அந்தப் பக்கம் பைத்தானும் இருந்தால் போதும். பப்பெட் என்றால் வழக்கமாக ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற துணை நிரல், நடுவில் ஒரு பப்பெட் சர்வர், சான்றிதழ்களுக்கு ஒப்புதல் என்று வேலை கூடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பதிவுசெய்வதில் இரண்டும் சமம். ரன்னரை கிட்லாபோடு இணைக்கும் ரெஜிஸ்டர் கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால், ரன்னரின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக்.டாம்ல் கோப்பில் இன்னொரு ரன்னர் பகுதி சேர்ந்துவிடும். அதனால் எந்தக் கருவியானாலும் அந்தக் கட்டளையை விட்டுவிட்டு, டோக்கனோடு முழுக் கோப்பையும் டெம்ப்ளேட்டாக எழுதுங்கள். கோப்பு மாறியதும் ரன்னர் தானே படித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் என்று சொல்லும் கன்கரண்ட் எண்ணை மாற்றுவதற்கெல்லாம் சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ரன்னரை அப்கிரேட் செய்யும் வேலை. வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சில நொடிகளில் எழுந்துவிடும். ரன்னருக்குள்ளோ யாரோ ஒருவருடைய முக்கால் மணி நேர பில்ட் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, ஒன்றை நிறுத்த வழக்கமாக அனுப்பும் சிக்டெர்ம் என்ற சிக்னல் வந்தால் ரன்னர் அந்த ஜாபை அப்படியே முறித்துவிட்டு நிற்கும். சிக்குவிட் வந்தால் புதிய ஜாப் எடுப்பதை நிறுத்தி, கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் நிற்கும். ஆகவே சிஸ்டம்டி சேவைக்கு ஒரு சின்ன டிராப்-இன் (கூடுதல் அமைப்பு) கோப்பு எழுதி, கில்சிக்னலை சிக்குவிட் என்றும், நிற்பதற்குக் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்ஸ்டாப்செக்கை 7200 (நொடிகள்) என்றும் வைக்க வேண்டும். இந்தக் கோப்பை இரண்டு கருவிகளுமே போடும்.

வேறுபாடு எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான். பப்பெட் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். பேக்கேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதி, பேக்கேஜ் மாறினால் சேவையை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் நோட்டிஃபையும் வைத்திருந்தால், புதிய பதிப்பு வந்த அரை மணிக்குள் எல்லா ரன்னர்களும் அவரவர் நேரத்துக்கு வடியத் தொடங்கும், அதாவது கையில் இருப்பதை மட்டும் முடித்துவிட்டு நிற்கப் பார்க்கும். ஜாப் எதுவும் முறியாது. ஆனால் புதிய ஜாப்களை எடுக்க ஆளில்லாமல் பைப்லைன்கள் (ஜாப்களின் தொடர்கள்) ‘பெண்டிங்’கில் தேங்கும். ஆன்சிபிளில் ‘சீரியல் 1’ என்று ஒரு வரி. ஒரு சர்வர் வடிந்து, மேம்பட்டு, மீண்டும் ஜாப் எடுக்கத் தயாரான பிறகுதான் அடுத்ததைத் தொடும். எங்காவது தோற்றால் அங்கேயே நின்றுவிடும், மற்றவை பழைய பதிப்பிலேயே ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் இருக்கும் குழுவுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஒரு எச்சரிக்கை: அப்கிரேட் செய்யும் ஆன்சிபிள் பிளேபுக்கை (செய்ய வேண்டியதை எழுதி வைக்கும் கோப்பை) அதே ரன்னரில் ஓடும் பைப்லைனிலிருந்து ஓட்டாதீர்கள். ரன்னர் நிற்க அந்த ஜாப் முடிய வேண்டும், ஜாப் முடிய ரன்னர் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும். இதற்கென்று தனி டேக் உள்ள ரன்னர் ஒன்றை இந்தக் கூட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

பப்பெட்டுக்கு உள்ள உண்மையான பலம், யாராவது சர்வருக்குள் புகுந்து எதையாவது மாற்றினால் அடுத்த சுற்றில் தானாகத் திருத்திவிடுவது. ஆன்சிபிள் நாம் ஓட்டினால்தான் பார்க்கும். இரவில், எதையும் மாற்றாமல் வேறுபாட்டை மட்டும் காட்டும் செக், டிஃப் இரண்டையும் சேர்த்து ஓட்டி, வேறுபாடு இருந்தால் செய்தி வரும்படி வைத்திருக்கிறோம். தானாகத் திருந்துவதற்கு அது ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுடையது சின்னக் கூட்டம் வேறு. நூற்றுக்கணக்கான சர்வர்கள் இருக்கும் இடத்தில் தராசு பப்பெட் பக்கம் சாயலாம், அந்த அளவில் நான் எதையும் நடத்தியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பப்பெட்டை 2022-இல் பெர்ஃபோர்ஸ் வாங்கியது. 2024 இறுதியில் திறந்த மூலப் பதிப்பின் தொகுப்புகளை வெளியிடும் முறையை அது மாற்றப்போவதாக அறிவித்ததும், சமூகத்தினர் ஓபன்வாக்ஸ் என்று தனியாகக் கிளைத்தார்கள். புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கிளையில் நிற்பது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே பப்பெட்டில் ஊறிய இடம் என்றால் மாற்றச் சொல்ல மாட்டேன். ரன்னர் பேக்கேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ எழுதாமல் பதிப்பு எண்ணைப் பூட்டிவிடுங்கள். அப்கிரேட் நாளன்று அந்த எண்ணை ஒவ்வொரு சர்வருக்காக மாற்றிக்கொண்டு போனால் சரி.