செல்லாத வாக்கா, வீட்டில் இருப்பதா, தோற்பவருக்குப் புள்ளடியா?

இலங்கையில் தேர்தல் முடிவுகளை வாசிக்கும்போது வேட்பாளர்களின் கணக்கு முடிந்ததும் ஒரு வரி தவறாமல் வரும்: நிராகரிக்கப்பட்ட வாக்குகள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அந்த எண்ணிக்கை 300,300. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு நாடு முழுவதும் கிடைத்தது 226,343. அவருக்கு விழுந்ததைவிடச் செல்லாமல் போன சீட்டுகள் அதிகம்.

"ஆருக்குப் போட்டாலும் ஒண்டுதான்" என்ற சலிப்பு வடக்கு, கிழக்கில் மட்டும் இல்லை, தெற்கிலும் மலையகத்திலும் உண்டு. அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட நாம் எடுக்கும் வழிகள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. ஒன்று முடிவைத் தொடும், மற்றவை தொடாது. இது தெரியாமலே பலர் சீட்டைக் கெடுத்துவிட்டு வருகிறார்கள்.

முதலில், வீட்டில் இருப்பது. 2024இலும் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிப்புக்குத்தான் அழைப்பு விடுத்தது. இதன் பெரிய குறை, வராத ஒவ்வொருவரும் எதற்காக வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. வெளிநாடு போனவர், காய்ச்சலில் படுத்தவர், பஸ் செலவுக்குக் காசில்லாதவர், கோபத்தில் இருப்பவர் எல்லோரும் ஒரே கணக்கு. அப்புறம், நாம் போகாவிட்டால் நம் பெயரில் வேறு யாரும் கள்ளவாக்குப் போட்டுவிடக்கூடும் என்ற பழைய பயமும் இருக்கிறது.

சீட்டைக் கெடுப்பதில் இந்த இரண்டு குறையும் கொஞ்சம் குறையும். போனோம், விரலில் மை பூசினார்கள், பெயர் வெட்டுப்பட்டது. அக்கறை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாக்கெண்ணும் மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு சீட்டில் எல்லாப் பெயருக்கும் நேரே புள்ளடி. இன்னொன்று வெறுமையாக இருக்கிறது. மூன்றாவதில், கண் மங்கிய ஒரு கிழவர் போட்ட புள்ளடி இரண்டு கட்டங்களுக்கு நடுக்கோட்டின் மேல் விழுந்திருக்கிறது. முதலாவது கோபம், மூன்றாவது தவறு, நடுவில் உள்ளது எதுவாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே கட்டில் கட்டப்பட்டு ஒரே எண்ணாக வெளியே வரும்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 667,240. வாக்களித்தவர் தொகை செப்டெம்பரைவிடக் குறைந்தும், செல்லாத வாக்கு இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு மாதத்தில் கோபம் இரட்டித்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செப்டெம்பரில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று போடச் சொன்னார்கள். நவம்பரில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு இலக்கங்கள் என்றார்கள். குழப்பத்துக்கு நிறைய இடம் இருந்தது. உண்மையாகவே எதிர்ப்புக் காட்டியவரின் சீட்டு அந்தக் குழப்பத்தோடு சேர்ந்து தொலைந்துவிட்டது.

இனி, அதிகம் பேசப்படாத கணக்கு. ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையிலேயே வெல்ல, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். இந்தச் 'செல்லுபடியான' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் வீட்டில் இருந்தாலும் சீட்டைக் கெடுத்தாலும் அந்தப் பாதி கீழே இறங்குகிறது. அதாவது, யாரை எதிர்க்கிறோமோ அந்த முன்னணி வேட்பாளரின் வேலையை நாமே இலகுவாக்குகிறோம். வெல்லவே முடியாத ஒருவருக்குப் புள்ளடி போட்டால் அந்தப் பாதி மேலே ஏறும்.

2005ஐ எடுத்துக்கொள்வோம். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 வீதம் மட்டுமே. அதில் விருப்பம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று இன்று பிரிக்க முடியாது. மகிந்த ராஜபக்ச 4,887,152 வாக்குகள் பெற்றார், 50.29 வீதம். பாதிக் கோட்டை அவர் தாண்டியது சுமார் 28,600 வாக்குகளால். இன்னும் 57,300 செல்லுபடியான வாக்குகள் அவரல்லாத எவருக்கு விழுந்திருந்தாலும், பெயர் தெரியாத ஒரு சுயேச்சைக்கு விழுந்திருந்தாலும், அவர் பாதிக்குக் கீழே வந்து இரண்டாம் எண்ணிக்கை நடந்திருக்கும், அதாவது முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் உள்ள 2, 3 விருப்பங்களை எண்ணியிருப்பார்கள். அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை மட்டுமே 109,869. இரண்டாம் எண்ணிக்கையில் யார் வென்றிருப்பார் என்பது வேறு விடயம். ஆனால் கோட்டைத் தாண்டவிடாமல் நிறுத்தும் பலம் இருந்தது, அது பயன்படவில்லை.

அதனால் ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவானது: பெரிய வேட்பாளர்கள் எவரும் வேண்டாம் என்றால், நம் மனதுக்கு ஓரளவாவது ஒத்த சிறிய வேட்பாளருக்கு ஒரே ஒரு புள்ளடி, 2, 3 எதுவும் வேண்டாம். இரண்டாம் எண்ணிக்கை வந்தால் அந்தச் சீட்டு யாருக்கும் போய்ச் சேராது. 2024இல் முதன்முறையாக அது வந்தது. அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதத்தில் நின்றார். கெடுத்த சீட்டு செய்யும் வேலையை இந்தச் சீட்டும் செய்கிறது, கூடவே பாதிக் கோட்டையும் உயர்த்துகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. நம் புள்ளடியை அந்த வேட்பாளர் தன் கொள்கைக்குக் கிடைத்த ஆதரவு என்று சொல்லிக்கொள்வார். அதைத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பாராளுமன்றத் தேர்தலிலும் இதே கதைதான். மாவட்டத்தில் 5 வீத வெட்டுப்புள்ளியும், அதற்குக் கீழே போகும் கட்சிக்கு ஆசனம் இல்லை என்ற கோடும், செல்லுபடியான வாக்குகளில்தான் கணிக்கப்படுகிறது.

இந்தியாவின் நோட்டா, அதாவது 'மேலே உள்ள எவரும் வேண்டாம்' என்ற பொத்தான், இதைவிட நல்லதா? ஒரு விதத்தில் ஆம். அங்கே இயந்திரத்தில் சீட்டைக் கெடுக்க வழியில்லை. முன்பு யாருக்கும் போட விரும்பாதவர் 49-ஓ என்ற தேர்தல் விதிப்படி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், இரகசியம் போய்விடும். 2013 செப்டெம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தனிப் பொத்தான் வைக்கச் சொன்னது. அதனால் கோபமும் தவறும் கலப்பதில்லை. 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகியபோது, நோட்டாவுக்கு 218,674 வாக்குகள் விழுந்தன. எவ்வளவு பேர் கோபப்பட்டார்கள் என்று நாடே பார்த்தது. ஆனால் பாரதிய ஜனதா வேட்பாளர் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். நோட்டா முதலிடம் பிடித்தாலும் மக்களவைத் தேர்தலில் அடுத்து வருபவரே வெற்றியாளர்.

இலங்கையில் அப்படியொரு கட்டம் சீட்டில் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். வரும்வரை தேர்தல் ஆணைக்குழுவிடம் சின்னதாக ஒன்று கேட்கலாம். பிரித்தானியாவில் நிராகரித்த சீட்டுகளைக் காரணவாரியாகப் பிரித்து அறிவிக்கிறார்கள்: ஒன்றுக்கு மேற்பட்டோருக்குப் போட்டவை இத்தனை, வெறுமையாகவோ தெளிவில்லாமலோ இருந்தவை இத்தனை, வாக்காளரை அடையாளம் காட்டும்படி எழுதியவை இத்தனை என்று. நம் மேசைகளிலும் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தள்ளுகிறார்கள். பார்க்கும்போதே பிரித்து எண்ணி, தொகுதிவாரியாக வெளியிட வேண்டும்.