மஞ்சள் இன வகைப்பாட்டுக்கு டிஎன்ஏ வாசிப்பு: ஒரு பெங்களூரு ஆய்வகச் சேவை

மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், மாங்காய் இஞ்சி மூன்றும் குர்குமா பேரினம்தான். கொல்லிமலையிலும் நீலகிரியிலும் மாதிரி எடுத்து ராத்திரி பஸ்ஸில் கொண்டுவரும் மாணவர்கள் பலர் வடக்கு பெங்களூருவில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில்தான் கொடுக்கிறார்கள். பதிவு மேசையில் தமிழிலேயே பேசலாம். சாங்கர் வாசிப்பு (டிஎன்ஏ துண்டின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறை) சுத்தமாக வருகிறது, நம்பிக் கொடுக்கலாம். கூடவே விற்கும் 'பரிணாம மரம்' (எந்த இனம் எதற்கு உறவு என்று காட்டும் கிளைப்படம்) அறிக்கையை மட்டும் வாங்க வேண்டாம்.

மஞ்சளின் உடல் செல்லில் 63 குரோமோசோம்கள், மாங்காய் இஞ்சியில் 42. மஞ்சள் மும்மடியம் (குரோமோசோம் தொகுப்பு மூன்று கொண்டது) என்பதால்தான் விதை பிடிக்காமல் கிழங்கிலேயே பெருகுகிறது. கலப்பில் வந்த இப்படிப்பட்ட செடிக்குள், இனம் பிரிக்க வாசிக்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வெவ்வேறு பிரதிகள் சேர்ந்தே இருக்கக்கூடும். வாசிப்பின் முகட்டு வரைபடமான குரோமட்டோகிராமைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும்: ஒரே இடத்தில் சி எழுத்தின் நீல முகடும் டி எழுத்தின் சிவப்பு முகடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். அந்த இடத்தை 'ஒய்' (சி, டி இரண்டும் உண்டு) என்று குறிக்க வேண்டும். ஆய்வகத்தின் அறிக்கையோ உயரமான முகட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கலப்பினத்தின் தடயம் அங்கேயே அழிந்துவிடுகிறது! ஆகவே எழுத்து வரிசையோடு, முகடுகள் அப்படியே இருக்கும் ஏபி1 கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் மறுப்பதில்லை.

ஒரு பிரதியில் ஓர் எழுத்து குறைந்தால் அதற்கு அப்புறம் முகடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். இதை 'தோல்வி' என்று போட்டு, மறுவாசிப்புக்கு மறுபடி கட்டணம் கேட்கிறார்கள். எத்தனை முறை வாசித்தாலும் அதேதான் வரும். குளோனிங் செய்து, அதாவது பிரதிகளைப் பாக்டீரியாவுக்குள் பிரித்து வளர்த்து, 8 முதல் 10 பாக்டீரியாக் காலனிகளைத் தனித்தனியாக வாசிப்பதே வழி. பசுங்கணிக மரபணுக்களையும் தனியாக வாசித்து வேறு மரம் போடுங்கள். அது தாய்வழி மட்டும் காட்டும். ஐடிஎஸ் மரத்தோடு முரண்படும் கிளைகளில்தான் கலப்பு நடந்ததா என்று தேட வேண்டும்.

இன்னொன்று: ஐடிஎஸ் பகுதியைப் பெருக்கப் பயன்படும் ஐடிஎஸ்4, ஐடிஎஸ்5 பிரைமர்கள் (தொடக்கத் துண்டுகள்) பூஞ்சையின் டிஎன்ஏவையும் பிடிக்கும். பிளாஸ்ட்டில் (வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி) சரிபார்க்காமல் எந்த வரிசையையும் மரத்தில் சேர்க்காதீர்கள்.

மாதிரிக்குக் கிழங்கு வேண்டாம், அதன் மாவுச்சத்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். இளம் இலையைத் துடைத்துக் கிழித்து, எடையைப்போல் 10 மடங்கு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். கோடையில் இலை காய்ந்து கிழங்கு உறங்கிவிடும் என்பதால் மழைக்காலத்தில்தான் எடுக்க முடியும். ஜெல்லின் நீல மணிகள் வெளிறி ரோஸ் நிறமானதும் மாற்றிவிடுங்கள். டிஎன்ஏவாகக் கொடுப்பதானால், தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 அளவு 1.8 பக்கமும் 260/230 அளவு 2 பக்கமும் இருக்கட்டும். இரண்டாவது ரொம்பக் குறைந்தால் சர்க்கரைப் பொருளோ பீனாலோ ஒட்டியிருக்கிறது, இன்னொரு முறை கழுவ வேண்டும்.

இலை எடுத்த அதே செடியை அழுத்திக் காயவைத்து, இந்திய அறிவியல் கழக ஹெர்பேரியம் (உலர்தாவரத் தொகுப்பு) போன்ற ஓரிடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பூவை 70 சதவீத ஆல்கஹாலில் தனியாகப் போடுங்கள். மகரந்தப்பையின் அடியில் உள்ள சிறு முள் நீட்சி இனம் பிரிக்க முக்கியமானது, அழுத்தினால் அதன் வடிவம் போய்விடும்.