செம்பனைக் காட்டுக்குள் ஓர் இரவு நடை: தவளை, பாம்பு பார்க்க 40 வெள்ளி

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் இருவர் வார இறுதிகளில் நடத்தும் இரவு நடைக்குக் கடந்த மாதம் என் பேரனை அழைத்துச் சென்றேன். பெரியவர்களுக்கு 40 வெள்ளி, சிறுவர்களுக்குப் பாதி. கைவிளக்கையும் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியையும் அவர்களே தருகிறார்கள். பால்மரக் காலத்தில் லயத்து வீட்டில் வளர்ந்த எனக்குத் தோட்டத்துத் தவளையும் பாம்பும் புதியவை அல்ல. ஆனால் அவை ஏன் இன்னும் இங்கே இருக்கின்றன என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

விடியற்காலையில் தொழிலாளர்கள் பெயர் கொடுக்கக் கூடிய பழைய பிரட்டுக் களத்து விளக்குக் கம்பத்தடியில் நடை தொடங்குகிறது. வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது. கப்பலேறிப் பசிபிக் தீவுகளுக்குப் போன நம் வீட்டுப் பல்லி, அங்கே விளக்கெரியும் சுவர்களிலிருந்து முன்பே வாழ்ந்த சிறு பல்லி இனத்தை விரட்டிவிட்டது என்று வழிகாட்டி சொன்னபோது, வீட்டுச் சுவரில் நாம் கவனிக்காமலே விட்ட உயிர் மீது பேரனின் கண் நிலைத்துவிட்டது.

அடுத்து, வெட்டிய மட்டைகளை அடுக்கிவைத்திருக்கும் வரிசைகள். உதிர்ந்த பழத்துக்கு எலி வர, எலியைத் தேடி நஞ்சு உமிழும் நாகமும் மலைப்பாம்பும் வந்து அந்த மட்டைக் குவியலையே வீடாக்கிக்கொள்கின்றன. நாகம் கண்ணை நோக்கி நஞ்சைப் பீய்ச்சும் என்பதால் எல்லாருக்கும் கண்ணாடி கட்டாயம்; பட்டுவிட்டால் உடனே கழுவுவதற்கு நிறையத் தண்ணீரும் சுமந்து வருகிறார்கள். இந்தப் பொறுப்பை மனமாரப் பாராட்டுகிறேன். நாங்கள் பார்த்தது உரித்த சட்டையை மட்டும்தான்.

இந்த நடையின் உயிர் வடிகால் ஓரத்தில்தான் இருக்கிறது. மழைநீர் பிடிக்கும் பீப்பாயின் விளிம்பில் மரத்தவளை நுரைக்கூடு கட்டியிருந்தது. பக்கத்திலேயே தேரைகள் கத்திக்கொண்டிருந்தன. நம் ஊர் வடிகாலில் கிடக்கும் இதே தேரை இனம் மடகாஸ்கரின் தோமாசினா துறைமுகப் பகுதியில் பரவிவிட்டது 2014-இல் தெரியவந்தது. தேரையோடு காலங்காலமாக வாழ்ந்த நம் பகுதிப் பாம்புகளில் பலவற்றுக்கு அதன் நஞ்சைத் தாங்கும் திறன் உண்டு. மடகாஸ்கரின் பெரும்பாலான வேட்டை விலங்குகளுக்கு அது இல்லை. 1935-இல் கரும்பு வண்டுகளைத் தின்னும் என்று நம்பி ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 100 கரும்புத் தேரைகளின் கதையையும் அங்கேயே சொன்னார்கள். அவை பரவிச் செல்லும் முன்னணியில் இருக்கும் தேரைகளுக்குக் கால்கள் நீண்டுவிட்டன. அவற்றைத் தின்று செத்த செவ்வயிற்றுக் கரும்பாம்புகளிடையே, தேரை வந்த இடங்களில் உடலளவுக்குத் தலை சிறுத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வாய் சிறிதானால் கொல்லும் அளவுக்குப் பெரிய தேரையை விழுங்க முடியாது, விழுங்காதது பிழைத்துக் குட்டி போடும். இதை என் பேரன் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

குறையும் இங்கேதான். விளக்கடியில் பல்லி இரை தேடுவதையும், தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தலை சிறுத்ததையும் 'பழகிக்கொண்டது' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். முன்னது ஓர் உயிர் தன் வாழ்நாளில் செய்வது. பின்னது மற்றவை செத்து, சில மட்டும் மிஞ்சியதால் நேர்ந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், எந்தக் காட்டை அழித்தாலும் விலங்குகள் பழகிக்கொள்ளும் என்றே சிறுவர்கள் எண்ணுவார்கள். நாங்கள் பார்த்தவை எல்லாம் திறந்த வெளியையும் கலங்கிய நீரையும் தாங்குபவை. காட்டுச் சருகோடு சருகாகக் கிடக்கும் கொம்புத் தவளை அன்று எங்கள் கண்ணில் படவில்லை; செம்பனைக்குள் அது படவும் வழியில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்க மனமில்லை. தம் வீட்டில் வளரும் அமெரிக்கச் செங்காது ஆமை பெரிதாகிவிட்டதால் தோட்டத்துக் குளத்தில் விடப்போவதாக எங்களோடு வந்தவர் ஒருவர் சொன்னபோது, வழிகாட்டி சிரித்தபடி நகர்ந்துவிட்டார். அந்நிய இனம் நுழைவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர் அங்கே கட்டாயம் தடுத்திருக்க வேண்டும். நடை முடிந்ததும், "தம்பி, அந்த ஆமையைக் குளத்தில் விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றேன். "சொல்கிறேன் ஐயா" என்று கைப்பேசியை எடுத்தார்.

22 பேர் கொண்ட குழு மிகப் பெரிது. வரிசையின் கடைசியில் நிற்பவர் வருவதற்குள் தவளை குதித்துவிடுகிறது. தேரையைக் கை மாற்றித் தருவதையும் நிறுத்த வேண்டும், அதன் சுரப்பு கண்ணில் பட்டால் எரியும். கொசு மருந்து பூசிய கை அதன் தோலுக்கும் கேடு. இருந்தும் 40 வெள்ளிக்கு மேலாகவே கிடைத்தது. மாலை மழை பெய்த நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், அன்றுதான் வடிகால் முழுக்கக் குரல் கேட்கும்.