மதிப்பீடுகளை வகைப்படுத்த இஃப்-எல்ஸா, ஃபஸி லாஜிக்கா?

ஐந்து நட்சத்திர மதிப்பீடுகளை வைத்துப் பொருட்களை ‘பரிந்துரை’, ‘சுமார்’, ‘தவிர்’ என்று பிரிக்க ஒரு புரோகிராம் கோட் எழுத வேண்டியிருந்தது. இஃப்-எல்ஸ் (‘இப்படி என்றால் இது, இல்லையென்றால் அது’ என்ற நிபந்தனைகள்), ஃபஸி லாஜிக் (ஆம்-இல்லை என்று வெட்டாமல் எவ்வளவு பங்கு என்று பார்ப்பது), மெஷின் லேர்னிங் (தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்வது) மூன்றையும் யோசித்துவிட்டு ஃபஸி லாஜிக்கை எடுத்தேன். திரும்பச் செய்ய நேர்ந்தாலும் அதையேதான் எடுப்பேன்.

இஃப்-எல்ஸின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுதச் சுலபம், வேகமாக ஓடும், யார் படித்தாலும் புரியும். தொல்லை எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. 4.0 முதல் ‘பரிந்துரை’ என்று வைத்தால் 3.9 ‘சுமார்’ ஆகிவிடுகிறது. மதிப்பிட்டவர்கள் குறைவாக இருக்கும்போது, புதிதாக ஒருவர் வந்து போட்டாலே பொருள் கோட்டைத் தாண்டும். அடுத்தவர் போட்டால் திரும்பி வரும். அதே நேரத்தில் 3.0-உம் 3.9-உம் ஒரே பெட்டியில் கிடக்கும்.

மெஷின் லேர்னிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘இது நல்லது, இது சுமார்’ என்று மனிதர்கள் ஏற்கெனவே குறித்துவைத்த தரவு நிறைய இருந்தால் அந்த வழி வெல்லலாம். என்னிடம் அப்படிப்பட்ட தரவு இல்லை. பெரிய அளவில் அதை ஓட்டிய அனுபவமும் எனக்குக் குறைவு, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஒரு பொருள் ஒரு கணத்தில் (அதாவது ஒரு தொகுப்பில்) முழுக்க இருக்கிறது அல்லது இல்லவே இல்லை என்ற நிலையை விட்டுவிட்டு, 0 முதல் 1 வரை எவ்வளவு பங்கு சேர்கிறது என்று கேட்கலாம் என்பதுதான் 1965-இல் கணினி அறிவியலாளர் லாட்ஃபி ஸாதே முன்வைத்த யோசனை; ஃபஸி லாஜிக்கின் அடிப்படை அதுதான். நம் வேலைக்கு இப்படி வரும். ‘உயர்வு’ 3.5-இல் தொடங்கி 4.5-இல் முழுமை அடைகிறது. ‘நடுத்தரம்’ 2.5-இல் தொடங்கி 3.5-இல் உச்சம் தொட்டு 4.5-இல் முடிகிறது. 2.5 வரை முழுக்கத் ‘தாழ்வு’, அங்கிருந்து 3.5-க்குள் அது கரைந்துவிடும். ஆக 3.9 என்ற சராசரி 0.6 பங்கு நடுத்தரம், 0.4 பங்கு உயர்வு. மதிப்பிட்டவர்கள் எண்ணிக்கைக்கும் இதே மாதிரி: 10 பேர் வரை முழுக்க ‘குறைவு’, 50-இல் முழுக்க ‘அதிகம்’.

விதிகள் நான்கே. உயர்வு, எண்ணிக்கையும் அதிகம் என்றால் 90 மதிப்பெண். உயர்வு, ஆனால் எண்ணிக்கை குறைவு என்றால் 60. நடுத்தரம் 50, தாழ்வு 10. ஒவ்வொரு விதியும் எவ்வளவு பொருந்துகிறதோ அந்த எடையில் சராசரி எடுத்தால் போதும். 40 பேர் மதிப்பிட்ட பொருளுக்கு 3.9 என்றால் 63, 4.0 என்றால் 66.25, 4.1 என்றால் 69.5. இஃப்-எல்ஸில் இதே இடத்தில் 50-லிருந்து நேராக 90-க்குத் தாவியிருக்கும். இதற்குத் தனி நூலகம்கூட (ஏற்கெனவே எழுதிவைத்த கோட் தொகுப்பு) வேண்டாம். பைத்தான் மொழியில் சைக்கிட்-ஃபஸி என்ற நூலகம் இருக்கிறது, ஆனால் இந்த அளவுக்குக் கையால் எழுதிய இரண்டு ஃபங்ஷன்களே போதும்.

என் முடிவை உறுதி செய்தது பராமரிப்புதான். மேலே சொன்ன விதிகளைத் திரும்பப் பாருங்கள்: நிபந்தனைப் பக்கத்தில் எண்ணே இல்லை. எல்லைகள் ஒரு சிறு பட்டியலில், விதிகள் இன்னொன்றில். நாளடைவில் மக்கள் தாராளமாக நட்சத்திரம் போட ஆரம்பித்து எல்லாமே 4-க்கு மேல் குவிந்தால், 2.5, 3.5, 4.5 என்ற மூன்று புள்ளிகளை நகர்த்தினால் வேலை முடிந்தது. விதிகளைத் தொடவே வேண்டாம். கோட் தெரியாத ஒருவர்கூட விதிகளைப் படித்துவிட்டு ‘இது சரியில்லை’ என்று சொல்ல முடியும்.

இஃப்-எல்ஸிலும் எல்லைகளைக் கோட் தொடக்கத்திலேயே பெயரிட்ட எண்களாக (மாறிலிகளாக) வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் மாற்றத்தின் விளைவு வேறு. அங்கே கோட்டை 0.1 நகர்த்தினால் அந்த இடைவெளியில் இருந்த பொருட்கள் அத்தனையும் ஒரே நாளில் பெட்டி மாறும். இங்கே ஒரு புள்ளியை 0.1 நகர்த்தினால் எந்தப் பொருளின் மதிப்பெண்ணும் 4-க்கு மேல் அசையாது. தைரியமாகக் கை வைக்க முடிவது இதனால்தான். அப்புறம், பக்கத்துப் பக்கத்துக் கணங்கள் ஒரே புள்ளியைப் பகிரும்படி எழுதுங்கள். இல்லையென்றால் ஒன்றை நகர்த்தி மற்றதை மறந்து நடுவில் பள்ளம் விழும்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கப் பாடங்களில் வழக்கமாகச் சொல்வது, இரண்டில் சிறியதை எடு என்பது. அப்படி எடுத்தால் 3.7 சராசரிக்கு 42 பேர் இருக்கும்போது 58.3 வருகிறது, 50 பேர் ஆனதும் 58. ஆள் கூடக் கூட மதிப்பெண் குறையக் கூடாது அல்லவா? இரண்டையும் பெருக்கினால் இந்தச் சறுக்கல் போய்விடும்; மேலே உள்ள கணக்கு அப்படித்தான் போட்டது.

ஃபஸி லாஜிக்குக்கும் வரம்பு உண்டு. மூன்று உள்ளீடுகளுக்குத் தலா மூன்று கணம் என்றால் 27 சேர்க்கைகள், ஐந்து உள்ளீடுகள் என்றால் 243. அதற்குள் நுழைவதற்கு முன் வேறு வழி பார்ப்பது நல்லது. சராசரி, எண்ணிக்கை இரண்டும் மட்டுமே எப்போதும் போதும் என்றால் பேய்சியன் சராசரி (ஆட்கள் குறைவாக இருந்தால் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் கணக்கு) இன்னும் எளிது. எனக்கு மூன்றாவதாக மதிப்பீடுகளின் பழமையையும் சேர்க்க வேண்டியிருந்ததால் விதிகளாக எழுதுவது வசதியாக இருந்தது.

கடைசியில் திரையில் ஒரே ஒரு பெயரைத்தான் காட்ட வேண்டும் என்றால், மதிப்பெண்ணை எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும், எல்லைக்கோடு அங்கே திரும்பி வரும். அதற்கு, ‘பரிந்துரை’க்குள் நுழைய 68, அதிலிருந்து இறங்க 64 என்று இரண்டு கோடுகள் வைத்து, பழைய பெயரையும் சேமித்து வைக்கிறேன். வரிசைப்படுத்த மட்டும் வெட்டாத மதிப்பெண்.